தொட்டுச் சொல்பவர்

'தெரியாது' என்ற சொல்லை நான் என் வாயால் சொன்னதில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மூட்டை தூக்கப் போனவன் நான். ரைஸ் மில்லில் மோட்டார் நின்றுபோன ஒரு நாள், எவனுக்காவது ரிப்பேர் தெரியுமா என்று முதலாளி கேட்டார். தெரியும் என்று கையைத் தூக்கினேன். அதுவரை மோட்டாரின் மூடியைக்கூடத் திறந்து பார்த்தவன் இல்லை. சாயங்காலத்துக்குள் ஓடவிட்டேன். எப்படி ஓடியது என்று கேட்காதீர்கள், ஓடியது. அந்த மில்லையே பிற்பாடு நான் விலைக்கு வாங்கினேன். இப்போது மில் ஓடவில்லை. அதற்குப் பதிலாக அறுவடை இயந்திரங்கள் ஓடுகின்றன, கல்யாண மண்டபம் இருக்கிறது. வலங்கைமானில் பஸ் ஏறி, மில்லுக்காரர் வீடு என்று சொன்னால் கண்டக்டரே வாசலில் இறக்கிவிடுவார்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். ஆனால் முக்கியமாக எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட ஒருவன் வீட்டு மாடியில், பேச்சுக்குப் பேச்சு 'தெரியாதுங்களே' என்கிற ஒரு மனிதர் வந்து தங்கினால் எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அதுவும் ஊர் உலகமெல்லாம் எல்லாம் தெரிந்தவர் என்று நம்பிய மனிதர்.

டிவியில் அவர் நடித்த தொடரைப் பார்க்காத வீடு அப்போது எங்கள் பக்கத்தில் கிடையாது. ஒரு கொலை நடக்கும். போலீஸ் திணறும். கடைசியில் இவரைக் கூப்பிடுவார்கள். செத்தவரின் செருப்போ சீப்போ ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் அதைத் தொடுவார். இமை படபடக்கும். நடந்ததெல்லாம் அவருக்குள் படமாக ஓடும். கண்ணைத் திறந்து, கொலைகாரன் எந்தச் சட்டை போட்டிருந்தான் என்பதுவரை சொல்லிவிடுவார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சோற்றுத் தட்டில் வைத்த கையை எடுக்காமல் பார்ப்பார்கள். தொடரின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். 'தொட்டுச் சொல்றவரு வந்தாச்சா?' என்றுதான் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு வருவார்கள். அவருடைய சொந்தப் பெயர் எனக்கே பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. இங்கே அதை எழுதவில்லை. எங்கள் ஊருக்கு அது தேவைப்படவே இல்லை.

அந்தத் தொடரில் ஒரு கதை, பழைய ரைஸ் மில்லில் நடக்கிற கொலை. மில் தேடித் தாராசுரம், சுவாமிமலை என்று சுற்றிவிட்டு கடைசியில் என் மில்லுக்கு வந்தார்கள். பார்த்த உடனே பிடித்துப்போயிற்று, பிடிக்காமல் எப்படி இருக்கும். ஆனி மாத முகூர்த்தம், கும்பகோணத்து லாட்ஜ்களில் கல்யாணக் கூட்டம். மற்றவர்களை எங்கேயோ அடைத்துவிட்டார்கள், இவருக்கு மட்டும் ஏ.சி. அறை வேண்டும் என்றார்கள். என் வீட்டு மாடியில் இருக்கிறது என்றேன். அப்போது இல்லை. மறுநாள் காலை இருந்தது.

வந்து இறங்கியவரைப் பார்த்து என் வீட்டுக்காரிக்குப் பெரிய ஏமாற்றம். டிவியில் தோள் வரை முடி. நேரில் முன்வழுக்கை. முடியைத் தனியாக ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். கட்டம் போட்ட லுங்கியைக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தால், நெல் அரைக்க வந்த ஆள் மாதிரி இருப்பார்.

அவள் முதல் நாளே ஒரு சோதனை வைத்தாள். மூடிய பாத்திரத்தை அவர் முன்னால் வைத்து, தொட்டுப் பார்த்து என்ன குழம்பு என்று சொல்லுங்கள் என்றாள். அவர் மரியாதைக்காகத் தொட்டார்.

"சூடா இருக்குங்கம்மா. அதுக்கு மேல தெரியாதுங்களே."

ஊற்றிச் சாப்பிட்ட பிறகும் அவருக்கு அது என்ன குழம்பு என்று தெரியவில்லை. திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார். சுண்டைக்காய் வற்றல் என்று அவள் சொன்னதும், அதை எப்படிப் பறிப்பது, எப்படி மோரில் ஊறவைப்பது, எத்தனை வெயில் காட்டுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் சாப்பிட்ட கை காயக் காய அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளிடம் அதைக் கேட்டதில்லை. எனக்குத்தான் தெரியுமே, கேட்க என்ன இருக்கிறது.

வயலுக்கு அழைத்துப் போனேன். குறுவை நட்டுப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். இது என்ன ரகம் தெரியுமா என்றேன். தெரியாதுங்களே என்றார். பயிர் எது, களை எது தெரியுமா என்றேன். அதுவும் தெரியாது. தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றாவது தெரியுமா என்று கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கு மனசு தாங்கவில்லை. சோற்றைத் தினமும் தின்கிறவர் இப்படியா என்று இல்லை. தெரியாததை ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாக வெளியில் சொல்கிறாரே என்றுதான்.

"சார், எல்லாத்துக்கும் இப்படித் தெரியாது தெரியாதுன்னா பொழப்பு எப்படி ஓடும்?" என்று கேட்டேவிட்டேன்.

அதற்கு அவர் ஒரு கதை சொன்னார். நடிக்க வருவதற்கு முன்னால் மருந்துக் கம்பெனிக்காகப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களைப் போய்ப் பார்க்கிற வேலையாம். டாக்டர் எதைக் கேட்டாலும் தெரியும் என்றே சொல்லவேண்டும் என்று கம்பெனியில் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். ஒரு நாள் ஒரு டாக்டர் என்னவோ கேட்க, களைப்பில் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டாராம். வேலை போயிற்று என்று நினைத்தால், டாக்டர் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, அந்த மருந்தைப் பற்றி விவரமாக இவருக்கே சொன்னாராம்.

"அதுலேருந்து பழகிப்போச்சுங்கய்யா. நல்ல டீ கிடைக்குது."

எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. டாக்டர் நல்லவராக இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஊருக்குள் சேதி பரவி, விடிந்தால் வாசலில் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் தட்டில் வைத்துக்கொண்டு, கோயிலில் குறி கேட்க நிற்பதுபோல. பெண்ணுக்கு இந்த வரன் அமையுமா, மாடு சினை பிடிக்குமா, அண்ணன் தம்பி பாகம் எப்போது பிரியும். அவர் ஒவ்வொருவரிடமும் கையைக் கூப்பி, "எனக்குத் தெரியாதுங்களே" என்பார். பிறகு, வரன் எந்த ஊர், பையன் என்ன செய்கிறான், பெண்ணைக் கேட்டீர்களா என்று விசாரிப்பார். வந்தவர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பதில் கிடைத்த மாதிரி எழுந்து போவார்கள். சிங்கப்பூரில் இருக்கிற மகன் எப்போது பேசுவான் என்று ஒரு அம்மாள் கேட்டாள். தெரியாதுங்களே, நீங்களே ஒரு போன் போட்டா என்ன என்றார். அங்கேயே என் வாசலில் நின்று போட்டாள். மகன் எடுத்தான். அந்த அம்மாளை அதற்குப் பிறகு யாராலும் மாற்ற முடியவில்லை. அவர்தான் எடுக்கவைத்தார் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒருவர் காணாமல்போன ஆட்டுக்குட்டியைக் கேட்டு வந்தார். இவர் தெரியாது என்று சொல்லிவிட்டு, பாவம் என்று தேடக் கூடவே கிளம்பிவிட்டார். மத்தியானம் ஆடு தானாக வீட்டுக்கு வந்துவிட்டது. இவர் வரவில்லை. ஆட்டுக்காரரும் நானும் மோட்டார் சைக்கிளில் போய், தோப்புக்கு அந்தப் பக்கம் வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தவரைக் கூட்டி வந்தோம்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் ஊர் ஒரு திருட்டு வழக்கைக் கொண்டுபோயிற்று.

எங்கள் வாய்க்கால் குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரிந்து வருகிறது. நடுவில் ஒரு மதகு. அதன் ஷட்டரை இறக்கினால் தண்ணீர் மேலேறி மேல்மடை வயல்களுக்குப் பாயும். தூக்கினால் கடைமடைக்கு ஓடிவிடும். இரண்டு பக்கத்தாரும் முறைவைத்துப் பாய்ச்சுவோம். ஷட்டரைத் திருக ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு. முறை யாருடையதோ அவர்களிடம் அது இருக்கும். முறை முடிந்தால் மற்றவர்களிடம் சேர்க்கவேண்டும். ஆனால் கையில் கொடுக்க மாட்டார்கள். உப்பு, மிளகாய், இரும்பு இதையெல்லாம் கைக்குக் கை கொடுத்தால் இருவருக்கும் சண்டை வந்துவிடும் என்று ஒரு எண்ணம். அதனால் கைப்பிடியை மதகின் சிமெண்டுக் கட்டையில் வைத்துவிட்டு, 'வச்சாச்சு' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். மற்றவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். சண்டை வரக்கூடாது என்பதற்காகத்தான்.

கடைமடைக்குப் பொறுப்பு பக்கிரிசாமி. நானும் அவனும் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். அவன் அப்பா மேல்மடை வயல்களில் கூலிக்கு வேலை செய்தவர். பக்கிரி கடைமடையில் சொந்தமாக நிலம் வாங்கி, மகளை நர்ஸுக்குப் படிக்கவைத்து, நிமிர்ந்து நடக்கிறவன். அந்த வாரம் முறை மேல்மடைக்கு மாறியது. கைப்பிடியைக் கட்டையில் வைத்துக் குரல் கொடுத்துவிட்டு வந்தேன் என்றான். மேல்மடைக்காரர்கள் போய்ப் பார்த்தபோது கட்டையில் ஒன்றும் இல்லை. ஷட்டர் தூக்கியபடி நின்றது, தண்ணீர் கடைமடைக்கே போய்க்கொண்டிருந்தது. மேல்மடையில் நட்ட பயிர் வாட ஆரம்பித்தது. என் வயலும் அதில் சேர்த்தி. தண்ணீர் யாருக்குப் போகிறதோ அவன்தானே எடுத்திருப்பான் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

லேத்துப் பட்டறையில் சொல்லிப் புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்றேன். எந்தப் பட்டறையில் நல்ல இரும்பு போடுவார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். பக்கிரி ஒத்துக்கொள்ளவில்லை.

"வேணாம்ணே. புதுசு வந்துட்டா, பழசை நான்தான் எடுத்தேன்னு முடிஞ்சுபோயிடும். பழசுதான் வரணும்."

மேல்மடைக்குப் பெரியவர் எங்கள் பழைய பஞ்சாயத்துத் தலைவர். சிரிக்காத மனிதர். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. பக்கிரி கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யட்டும், இல்லாவிட்டால் காலையில் போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவோம் என்றார். எடுக்காதவன் எதற்குச் சத்தியம் செய்யவேண்டும், எங்க அப்பா இவங்க முன்னால கைகட்டி நின்னது போதும் என்று பக்கிரி சொல்லிவிட்டான். அப்போதுதான் கூட்டத்தில் யாரோ, ஏன், தொட்டுச் சொல்றவரு ஊருக்குள்ளதானே இருக்காரு என்றார்கள். தலைவர் சரி என்றார். பக்கிரியும் சரி என்றான். அவர் சொல்வதற்கு ஊர் கட்டுப்படும் என்று பேசிவைத்தார்கள்.

நான் மாடிக்கு ஓடினேன். ஒரே ஒரு வார்த்தை போதும் சார், பக்கிரியின் துண்டைத் தொட்டுவிட்டு, அவன் எடுக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

"அவர் எடுக்கலைன்னு எனக்கு எப்படிங்கய்யா தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார். நீங்க சொன்னாப் போதும்."

"இன்னிக்கு அவர் எடுக்கலைன்னு நான் சொல்லி நம்பிட்டா, நாளைக்கு இன்னொருத்தர் எடுத்தாருன்னு சொன்னாலும் நம்புவாங்களேய்யா. நான் எப்படிச் சொல்றது?"

எனக்கு வந்த கோபத்தில் ஏ.சி.யை அணைத்துவிட்டு வந்தேன்.

அன்று படப்பிடிப்பு முடிந்து வெயில் தாழ்ந்ததும் என் மண்டபத்தில் கூட்டம். ஃபேன் எல்லாம் போட்டு வைத்திருந்தேன். அவர் லுங்கியோடு, வழுக்கையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முடியையாவது வைத்துக்கொண்டு வந்திருக்கலாம், இவர் பேச்சை யார் மதிக்கப்போகிறார்கள் என்று என் வீட்டுக்காரி என் காதில் சொன்னாள். பக்கிரியின் துண்டை ஒரு தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள்.

அவர் கையைக் கூப்பினார். "எனக்குத் தெரியாதுங்களே."

தொடாமலே தெரியாது என்றால் எப்படி, தொட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றார் தலைவர். இவர் தொட்டார். "ஈரமா இருக்குங்க. வேற ஒண்ணும் தெரியல."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் எழுந்து தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், காலையில் போலீஸ் என்று அர்த்தம். பக்கிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது தொட்டுச் சொல்பவர் பக்கிரியைப் பார்த்துக் கேட்டார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அந்தக் கைப்பிடின்னா எப்படிங்க இருக்கும்?"

சிலர் சிரித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பிறந்த எவனும் கேட்காத கேள்வி அது. பக்கிரிக்கு யாராவது ஒன்றைக் கேட்டார்களே என்று இருந்திருக்கவேண்டும். கையாலேயே காட்டிக் காட்டிச் சொன்னான். முழங்கை நீளம், நடுவில் ஒரு வளைவு. பிடிக்கிற பக்கம் மரம் தேய்ந்திருக்கும். மற்ற பக்கம் ஷட்டர் தண்டில் மாட்டுவதற்குச் சதுரமாக ஒரு ஓட்டை.

அவர் கண்ணை மூடினார். டிவியில் வருவதுபோலவே இமை படபடத்தது. சுட்டுவிரலைக் காற்றில் எதற்குள்ளோ விட்டுப் பார்ப்பதுபோல ஆட்டினார்.

"விரல் உள்ள போற அளவுக்குச் சதுரமாங்க?"

"ஆமா சார்."

"ஒரு மூலை உடைஞ்சு, கையைக் கீறுமா?"

பக்கிரி ஒரு அடி முன்னால் வந்தான். "ஆமா சார். போன வருஷம் துரு ஏறி மாட்டிக்கிட்டப்ப சம்மட்டியால தட்டினேன். அது எனக்குத்தானே தெரியும்."

சிங்கப்பூர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்து பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"ஐயா, அதை நான் நேத்து ஷூட்டிங்ல தொட்டேன்னு நினைக்கிறேன்."

மில்லுக்குப் போனோம். கூட்டமே பின்னால் வந்தது. செட்டுக்குச் சாமான் சேர்க்கிற ஆள் பெட்டியைத் திறந்தார். கதையில் ஒருவரை அடித்துக் கொல்ல இரும்பாக ஏதாவது வேண்டும் என்று தேடிப் போயிருக்கிறார், மதகுக் கட்டையில் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. பழைய இரும்பு என்று எடுத்து வந்து, ரத்தத்துக்குச் சிவப்புப் பெயின்ட் பூசி, மேலே லேசாக ஒரு துணியைச் சுற்றிவிட்டார். யாரோ தூரத்தில் 'வச்சாச்சு' என்று கத்தியது கேட்டது, எனக்கு இல்லை என்று நினைத்தேன் என்றார். தொட்டுச் சொல்பவரோ கதைப்படி கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவியிருக்கிறார், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அந்தக் காட்சி எடுத்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் மில் கேமராவில் எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் ஒருவர் பார்க்கத்தானே வேண்டும்.

தொட்டே கண்டுபிடித்துவிட்டார் என்று ஊரே பேசிக்கொண்டது. எனக்கு ஒன்றும் தெரியாதுங்க, இது தற்செயல் என்று அவர் நின்று நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அப்படித்தான் சொல்வார் என்றாள் சிங்கப்பூர் அம்மாள்.

கைப்பிடியைப் பக்கிரியே எடுத்துக்கொண்டு மதகுக்கு நடந்தான். மறுநாள் எடுக்கவேண்டிய காட்சிக்காக அன்று சாயங்காலம்தான் புதிதாகப் பெயின்ட் பூசியிருந்தார்கள், அவன் அதைத் துணியோடு பிடித்துக்கொண்டான். தலைவர் வழக்கப்படி கட்டையிலிருந்து தள்ளி நின்றார். வைக்கட்டும், எடுத்துக்கொள்வோம் என்று. பக்கிரி வைக்கவில்லை.

"கையில வாங்கிக்குங்க," என்றான்.

"அது வழக்கமில்லையேப்பா."

"வழக்கப்படி வச்சுத்தான் திருட்டுப் பட்டம் வாங்கினேன். இனிமே உங்க கையிலதான் குடுப்பேன். நீங்க வாங்கறதை ஊர் பாக்கட்டும்."

தண்ணீர் ஷட்டருக்கு அடியில் சத்தம் போட்டுக்கொண்டு கடைமடைக்குப் போனது. தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். பக்கிரி துணியை உருவிக்கொண்டு கைப்பிடியை அந்தக் கைகளில் வைத்தான். அவர் தானே மாட்டித் திருகினார். ஷட்டர் இறங்கியது, தண்ணீர் நின்று, யோசித்து, மேல்மடைப் பக்கம் திரும்பியது.

திருகி முடித்துக் கையை எடுத்தபோதுதான் பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் சிவப்பு. சட்டையின் வயிற்றுப் பக்கத்திலும் நீளமாக ஒரு தீற்று.

"இப்ப கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு," என்றான் பக்கிரி.

முதலில் சிரித்தது தலைவர்தான். அவர் பல் எப்படி இருக்கும் என்று ஊருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு பக்கிரி சிரித்தான், கரை முழுக்கச் சிரித்தது. பக்கிரி அந்தத் துணியை எடுத்துத் தலைவரின் கையைத் துடைக்கப் பார்த்தான். இன்னும் பரவியதுதான் மிச்சம்.

தலைவர் சிவந்த கைகளை விரித்தபடி தொட்டுச் சொல்பவர் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், இது சோப்புப் போட்டா போயிடுமா?"

அவர் குனிந்து, ஒரு விரலால் தலைவரின் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"தெரியாதுங்களே," என்றார்.